பிராட் மென்பொருள்: மாண்டரின் தொனி காதில் ஏறாதவர்களுக்கு என் பரிந்துரை

சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டே மாண்டரின் கற்க முயலும் தமிழர்களில் பலர் ஒரே இடத்தில் நின்றுபோவதைப் பார்க்கிறேன். சொற்கள் மனப்பாடம் ஆகிவிடும், இலக்கணம் அவ்வளவு கஷ்டம் இல்லை, எழுத்துகூடக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபடும். எதிரில் இருப்பவர் சொன்னது முதல் தொனியா இரண்டாம் தொனியா என்பது மட்டும் காதில் ஏறவே ஏறாது. அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். பிராட் (Praat) என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. முழுக்க இலவசம், விளம்பரம் கிடையாது, கணக்குத் தொடங்கச் சொல்லாது. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் பூர்ஸ்மா, டேவிட் வேனிங்க் என்ற இரு ஒலியியல் அறிஞர்கள் 1990களிலிருந்து எழுதி, இன்றுவரை புதுப்பித்துக்கொண்டே இருக்கிறார்கள். உலகம் முழுக்க ஒலியியல் ஆய்வாளர்கள் பயன்படுத்துவது இதைத்தான். மொழி கற்பவர்களுக்கென்று இதைச் செய்யவில்லை, ஒரே ஒரு சீனச் சொல்லைக்கூட இது கற்றுத்தராது. ஆனாலும் என் காதைத் திருத்தியதில் எந்த வகுப்பையும் விட, காசு கொடுத்து வாங்கிய எந்தச் செயலியையும் விட, இதற்குத்தான் பங்கு அதிகம்.

முதலில் பிரச்சினை என்ன என்று சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் இந்த மென்பொருள் எதற்கு என்று புரியாது. மாண்டரினில் நான்கு தொனிகள், அதாவது சொல்லின் பொருளையே மாற்றும் குரல் ஏற்ற இறக்கங்கள், அப்புறம் எடையில்லாத நடுநிலைத் தொனி ஒன்று. 'மா' என்பதை உயரத்தில் நேராகப் பிடித்துச் சொன்னால் அம்மா, கீழிருந்து ஏற்றினால் சணல், தாழ்த்திச் சொன்னால் குதிரை, மேலிருந்து சட்டென்று இறக்கினால் திட்டுவது. இது எல்லாப் பாடப்புத்தகத்திலும் வரும் உதாரணம். அன்றாடத்தில் இடிப்பது வேறு இடங்களில்: 'மாய்' என்று தாழ்த்தினால் வாங்குவது, மேலிருந்து இறக்கினால் விற்பது, நேர் எதிரான பொருள்! உணவங்காடியில் 'தாங்' என்று நேராகச் சொன்னால் சூப், ஏற்றிச் சொன்னால் சர்க்கரை. 'ஷுவேய்ஜியாவ்' ஒரு தொனிச் சேர்க்கையில் கொழுக்கட்டை மாதிரியான தின்பண்டம், இன்னொன்றில் தூங்குவது.

தமிழிலும் குரல் ஏறி இறங்கத்தான் செய்கிறது. 'வந்தான்' என்பதை ஏற்றிச் சொன்னால் கேள்வி, இறக்கிச் சொன்னால் தகவல், இழுத்து வளைத்தால் ஆச்சரியமோ கேலியோ. ஆனால் எப்படிச் சொன்னாலும் அவன் வந்தது வந்ததுதான், சொல் மாறாது. ஆகவே நம் காது குரலின் ஏற்ற இறக்கத்தைக் கேட்டவுடன் அதைப் 'பேசுகிறவரின் மனநிலை' என்ற கணக்கில் எழுதிவிடுகிறது. சீனத்தின் நான்காம் தொனியைக் கேட்டால் இவர் ஏன் அதட்டுகிறார் என்று தோன்றும், இரண்டாம் தொனியைக் கேட்டால் ஏதோ கேட்கிறார் போலிருக்கிறது என்று தோன்றும். ஒலி காதுக்குள் போகாமல் இல்லை, முழுதாகப் போகிறது, போய்ச் சேரும் இடம்தான் வேறு. ஆசிரியர் சலிக்காமல் திரும்பத் திரும்பச் சொல்லிக் காட்டியும் மாணவர் அப்படியே உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் இதுதான், யாருடைய புத்திக் குறைவும் இல்லை.

இது நமக்கு மட்டும் நேர்வதும் இல்லை. ஆங்கிலத்தின் ஆர், எல் இரண்டும் ஜப்பானியர்களுக்குப் பிரிந்து கேட்காது என்பதைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். நம் பக்கத்திலேயே இருக்கும் உதாரணம் எனக்கு அதைவிடப் பிடிக்கும். 1984இல் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் இருவரும் கனடாவில் ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தி மொழியின் த, ட ஒலிகளைக் கேட்கவைத்துச் சோதித்தார்கள். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் பெரும்பாலும் இரண்டையும் வேறுபடுத்திவிட்டன, பத்து முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் அந்தத் திறன் வெகுவாகக் குறைந்துவிட்டது. பிறந்தபோது எல்லாருக்கும் திறந்திருக்கும் காது, வீட்டில் புழங்கும் மொழிக்கு எது தேவையோ அதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை ஓராண்டுக்குள் ஒதுக்கத் தொடங்கிவிடுகிறது. தட்டு என்ற சொல்லில் இருக்கும் இரண்டு ஒலிகள் ஓர் ஆங்கிலேயருக்கு ஒன்றாகக் கேட்கும் என்பதை நம்மால் நம்பவே முடியாது இல்லையா, நம் வாயில் சீனத் தொனிகளைக் கேட்கும்போது சீனர்களுக்கும் அதே வியப்புதான்.

சரி, மென்பொருளுக்கு வருகிறேன். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், பழைய லேப்டாப்பே போதும். விண்டோஸில் நிறுவும் வேலைகூட இல்லை, இறக்கிய கோப்பை விரித்துச் சொடுக்கினால் திறந்துகொள்ளும். திறந்ததும் இரண்டு சன்னல்கள் வரும், வலப்பக்கம் வெற்றுத் தாள் போல இருப்பதை மூடிவிடுங்கள், அது ஆய்வுக் கட்டுரைக்குப் படம் வரைபவர்களுக்கானது. இடப்பக்கச் சன்னலில் 'நியூ' என்பதற்குள் போய் 'ரெக்கார்ட் மோனோ சவுண்ட்' எடுத்தால் பதிவு செய்யலாம், அல்லது போனில் பதிவு செய்ததை வேவ் கோப்பாக மாற்றித் திறக்கலாம். அப்புறம் 'வியூ அண்ட் எடிட்'. மேலே ஒலியலை, கீழே சாம்பல் நிறத்தில் ஸ்பெக்ட்ரோகிராம் (ஒலியில் கலந்திருக்கும் அதிர்வெண்களைக் காட்டும் படம்), அதன் மேல் ஒரு நீலக்கோடு. அந்த நீலக்கோடுதான் நமக்கு வேண்டியது: குரல்நாண்கள் நொடிக்கு எத்தனை முறை அதிர்கின்றன என்பதை ஹெர்ட்ஸ் கணக்கில் வரைந்து காட்டுகிறது. வேண்டிய பகுதியைச் சுட்டியால் இழுத்துத் தேர்ந்து டேப் விசையை அழுத்தினால் அந்த இடம் மட்டும் ஒலிக்கும்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். பதிவு செய்ததைத் தனியாகச் சேமிக்காமல் மூடினால் போய்விடும், பட்டியலில் இருப்பது நினைவகத்தில் மட்டும்தான் இருக்கிறது. 'சேவ்' பட்டியலில் வேவ் கோப்பாகச் சேமிப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

சீன நண்பர் ஒருவரையும் அலுவலகத் தோழி ஒருவரையும் 'மா'வை நான்கு தொனியிலும் சொல்லச் சொல்லிப் பதிந்து பார்த்தால் முதலில் வரும் பாடம் உயரத்தைப் பற்றியது. நண்பரின் முதல் தொனி, அதாவது அவருடைய 'உயரமான' தொனி, 150 ஹெர்ட்ஸ் பக்கம் நிற்கிறது. தோழியின் மூன்றாம் தொனி, அதாவது அவருடைய 'தாழ்ந்த' தொனி, அதே 150ஐ ஒட்டித்தான் ஓடுகிறது. அப்படியென்றால் உயரம் என்பது அந்தந்தக் குரலின் எல்லைக்குள் பார்க்க வேண்டிய ஒன்று. 1930இலேயே சாவ் யுவான்ரென் என்ற சீன மொழியியலாளர் இதற்கு ஐந்து படிகள் கொண்ட ஒரு முறையை வகுத்தார்: ஒருவருடைய குரலின் அடிப்பகுதி 1, உச்சி 5. அந்தக் கணக்கில் முதல் தொனி 55, இரண்டாவது 35, மூன்றாவது 214, நான்காவது 51. கர்நாடக சங்கீதம் கற்றவர்களுக்கு இது உடனே விளங்கும், அவரவர் சுருதிக்கு அவரவர் ஸ்வரம். பிராட்டில் அலகை ஹெர்ட்ஸிலிருந்து செமிடோனுக்கு மாற்றிக்கொள்ளும் வசதி இருக்கிறது, ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு படி, நம் பன்னிரண்டு ஸ்வரஸ்தானக் கணக்கோடு ஒத்துப்போகும். ஆண் குரலையும் பெண் குரலையும் ஒப்பிட வேண்டுமானால் இந்த அலகில் பாருங்கள், கோடுகளின் வடிவம் எவ்வளவு ஒத்திருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.

இந்த வடிவம் என்ற விஷயத்தில்தான் நம் காது ஏமாறுகிறது. ஜாக் கேண்டர் 1983இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் மாண்டரின், கான்டனீஸ், தைவானியம், தாய்லாந்து மொழி பேசுபவர்களையும் ஆங்கிலம் பேசுபவர்களையும் தொனிகளைக் கேட்கவைத்து எவ்வளவு வேறாகத் தோன்றுகின்றன என்று ஒப்பிடச் சொன்னார். ஆங்கிலம் பேசுபவர்கள் சராசரி உயரத்துக்கே அதிக எடை கொடுத்தார்கள், தொனி மொழிக்காரர்கள் குரல் எந்தத் திசையில் நகர்கிறது என்பதற்கு அவர்களைவிட அதிக எடை கொடுத்தார்கள். தமிழர்களை அவர் சோதிக்கவில்லை, ஆனால் எனக்கும் என்னோடு படித்தவர்களுக்கும் நடப்பது இதேதான் என்று உறுதியாகச் சொல்வேன்: 'இது மேலே இருக்கிறது, அது கீழே இருக்கிறது' என்றுதான் முதலில் கேட்கிறோம், 'இது நகர்கிறது' என்று கேட்பதில்லை. அதனால்தான் கீழே தொடங்கும் இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றோடொன்று குழம்புகின்றன, மாண்டரின் கற்கும் பெரும்பாலோருக்கு இந்த ஜோடிதான் மிகக் கடினம். திரையில் பார்த்தால் வேறுபாடு பளிச்சென்று தெரிகிறது, இரண்டாவது சற்று நேரத்திலேயே மேலே திரும்பிவிடுகிறது, மூன்றாவது வெகுநேரம் அடியிலேயே கிடந்து, தனியாகச் சொல்லும்போது மட்டும், கடைசியில் எழுகிறது.

'தனியாகச் சொல்லும்போது மட்டும்' என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். மூன்றாம் தொனிக்குப் புத்தகங்களில் போடும் அந்த வளைந்த குறி மாணவர்களை நிறையக் கெடுத்திருக்கிறது என்பது என் கருத்து. இயல்பான பேச்சைப் பதிந்து நீலக்கோட்டைப் பாருங்கள். மூன்றாம் தொனி வேறொரு தொனிக்கு முன்னால் வந்தால் கீழே போய் அங்கேயே நின்றுவிடுகிறது, மேலே ஏறும் வால் கிடையாது. இன்னொரு மூன்றாம் தொனிக்கு முன்னால் வந்தால் இரண்டாம் தொனி போலவே ஏறுகிறது, 'நி ஹாவ்' என்று எல்லாரும் முதல் நாளில் கற்கும் வணக்கத்திலேயே இது நடக்கிறது. வகுப்பில் விதியாகக் கேட்டால் ஒரு காதில் நுழைந்து மறு காதில் போய்விடும், நண்பரின் குரலில் 'நி' மேலே ஏறுவதைக் கோடாகப் பார்த்து, உடனே அதே துண்டை டேப் அழுத்தித் திரும்பக் கேட்டால் அப்படியே தங்கிவிடும்.

நீலக்கோட்டை முழுதாக நம்பியும் விடக்கூடாது. மூன்றாம் தொனியில் குரல் ரொம்பக் கீழே போகும்போது பலருக்குத் தொண்டை கரகரக்கும், அந்த இடத்தில் குரல்நாண் அதிர்வு ஒழுங்கில்லாமல் ஆகிவிடுவதால் கோடு அறுந்துபோகும் அல்லது திடீரென்று இரட்டிப்பு உயரத்துக்குத் தாவும். பயந்துவிடாதீர்கள், அந்தக் கரகரப்பையே மூன்றாம் தொனிக்கு ஓர் அடையாளமாகச் சீனர்களின் காது பிடித்துக்கொள்கிறது. அமைப்புகளில் சுருதி எல்லையை ஆண் குரலுக்கு 75 முதல் 300 ஹெர்ட்ஸ் வரை, பெண் குரலுக்கு 100 முதல் 500 வரை என்று மாற்றிவைத்தால் தாவல்கள் பெருமளவு குறையும். உணவங்காடியிலோ எம்ஆர்டி ரயிலிலோ பதிந்ததைப் போட்டால் ஒன்றும் தேறாது, பாத்திரச் சத்தத்துக்கும் கோடு போட முயலும். அமைதியான அறை, வாய்க்கு அருகில் மைக், இவை இரண்டும் கட்டாயம்.

இதுவரை சொன்னதைச் செய்ய வேறு செயலிகளும் இருக்கின்றன. பிராட்டுக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பது 'மேனிபுலேஷன்' என்ற பகுதிக்காக. ஒரு பதிவைத் தேர்ந்து 'டு மேனிபுலேஷன்' கொடுத்தால் அந்தக் குரலின் சுருதி புள்ளிகளாகப் பிரிந்து வந்துவிடும், புள்ளிகளைச் சுட்டியால் இழுத்து எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். குரல் அதே குரல், உயிரொலி அதே உயிரொலி, சுருதி மட்டும் நாம் வரைந்தபடி மாறி ஒலிக்கும். அம்மாவைக் குதிரை ஆக்கலாம், குதிரையைத் திட்டாக்கலாம்! முதன்முறை கேட்கும்போது உண்மையிலேயே சிலிர்க்கும், ஏனென்றால் தொனி என்பது பேசுகிறவரின் உணர்ச்சியோ அழுத்தமோ இல்லை, தனியாகக் கழற்றி மாட்டக்கூடிய ஒன்று என்று காதே ஒத்துக்கொள்ளும் நேரம் அது.

அப்புறம் இதைச் செய்து பாருங்கள். தோழியின் முதல் தொனி 'மா' ஒன்றை எடுத்துக்கொண்டு, முடிவை அப்படியே உயரத்தில் விட்டுவிட்டு, தொடக்கப் புள்ளியை மட்டும் பத்துப் பத்து ஹெர்ட்ஸாகக் கீழே இறக்கி ஒவ்வொன்றையும் தனிக் கோப்பாகச் சேமியுங்கள். ஒரு முனையில் தெளிவான முதல் தொனி, மறுமுனையில் தெளிவான இரண்டாம் தொனி, நடுவில் இரண்டுக்கும் இடைப்பட்டவை. இவற்றைக் கலைத்துப் போட்டு ஒரு சீனரைக் கேட்கச் சொன்னால், அவர் நடுவில் உள்ளதைக் கேட்டு 'இது கொஞ்சம் முதல், கொஞ்சம் இரண்டு' என்றெல்லாம் சொல்வதில்லை. ஓர் இடம் வரை 'அம்மா, அம்மா' என்பவர் அடுத்த படியில் சட்டென்று 'சணல்' என்கிறார். எல்லையைத் தாண்டினால் பத்து ஹெர்ட்ஸ் அவருக்குப் பெரிய வித்தியாசம், எல்லைக்குள் அதே பத்து ஹெர்ட்ஸ் ஒன்றுமே இல்லை. 1957இல் ஆல்வின் லிபர்மன் குழு அமெரிக்காவின் ஹாஸ்கின்ஸ் ஆய்வகத்தில் ப, ட, க போன்ற மெய்களைச் செயற்கையாக உருவாக்கி இதே மாதிரியான ஒரு தாவலைக் காட்டியது. அந்தப் பெரிய கண்டுபிடிப்பை வீட்டு மேசையில் வைத்து நம் காதிலும் நண்பரின் காதிலும் சோதித்துப் பார்க்க முடிகிறது என்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. நம் காதில் அந்தத் தாவல் இருக்காது, படிப்படியாக ஏறுவது போலக் கேட்கும். பயிற்சி ஏற ஏற நம் எல்லையும் கூர்மையாவதை அதே கோப்புகளை வைத்துப் பார்க்கலாம், அதைவிட நேர்மையான முன்னேற்ற அறிக்கை எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

பயிற்சிக்கு உள்ளேயே ஒரு வழி இருக்கிறது, 'எக்ஸ்பெரிமென்ட் எம்எஃப்சி' என்று பெயர். சிறிய உரைக்கோப்பு ஒன்றில் எந்தெந்த ஒலிக்கோப்புகள், திரையில் என்னென்ன பொத்தான்கள் என்று எழுதிக் கொடுத்தால் அது ஒலிகளைக் கலைத்துப் போட்டு ஒவ்வொன்றாக இசைக்கும், நாம் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று அழுத்த வேண்டும், கடைசியில் எதற்கு எதை அழுத்தினோம் என்ற பட்டியல் கிடைக்கும். அந்த உரைக்கோப்பை எழுதுவது முதல்முறை எரிச்சல்தான், ஒரு மேற்கோள் குறி விட்டுப்போனாலும் ஓடாது. கையேட்டில் இருக்கும் மாதிரியை எடுத்துப் பெயர்களை மட்டும் மாற்றுவது நல்லது.

இங்கே ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள்: ஒரே குரலை வைத்துப் பயிற்சி செய்யாதீர்கள். 1991இல் ஜப்பானியர்களுக்கு ஆர், எல் கற்பித்த லோகன், லைவ்லி, பிசோனி மூவரும் பல குரல்களில், பல சொற்களில் கலந்து கேட்கவைத்துப் பலன் கண்டார்கள். அதே வழியை 1999இல் யுவே வாங் குழுவினர் மாண்டரின் படிக்கும் அமெரிக்கர்களிடம் தொனிகளுக்குச் செய்து பார்த்தார்கள். இரண்டு வாரத்தில் எட்டு அமர்வுகள், தொனியை அடையாளம் காண்பது சராசரியாக 21 சதவீதம் கூடியது, பயிற்சியில் கேட்காத குரல்களிலும் அது வேலை செய்தது, ஆறு மாதம் கழித்துச் சோதித்தபோதும் நிலைத்திருந்தது. அடுத்து வந்த ஆய்வில், காதுக்கு மட்டும் கொடுத்த அந்தப் பயிற்சியால் அவர்கள் பேசிய தொனிகளும் மேம்பட்டிருந்தது தெரிந்தது. வாயை அசைக்காமலே வாய் திருந்தியிருக்கிறது! ஒரே ஆசிரியரின் குரலைப் பழகினால் அவருடைய குரல்தான் பழகும், தொனி பழகாது. சிங்கப்பூரில் இது இன்னும் முக்கியம், இங்கே பேசும் மாண்டரின் பெய்ஜிங் போல இருக்காது, நடுநிலைத் தொனியில் சொல்லவேண்டிய இடங்களைப் பலர் முழுத் தொனியோடு சொல்வார்கள், நாக்கை மடித்துச் சொல்லும் ஒலிகளை மடிக்காமலே சொல்வார்கள். கோப்பிக்கடை அங்கிள், மேலாளர், சீனாவிலிருந்து வந்த புது ஊழியர் எல்லாரிடமும் கேட்டு வாங்கிப் பதியுங்கள். தங்கள் மொழியை இவ்வளவு அக்கறையாக ஒருவர் கேட்கிறார் என்றால் யாரும் மறுப்பதில்லை.

தொனியோடு நின்றுவிடாதீர்கள் என்றும் சொல்வேன், ஏனென்றால் தமிழ்க் காதுக்கு இன்னொரு கண்ணி மெய்யொலியில் இருக்கிறது. 'பாவ் ல' என்று ஒரே தொனியில் இரண்டு சொற்கள், ஒன்று வயிறு நிறைந்துவிட்டது, இன்னொன்று ஓடிவிட்டது. 'தூட்ஸ' அதே மாதிரி, ஒன்று வயிறு, இன்னொன்று முயல். எழுதிக் காட்ட நம் எழுத்தில் வழியில்லை, இரண்டும் ஒன்றாகத்தான் விழும். வித்தியாசம் உதட்டையோ நாக்கையோ விடுவித்தபின் வரும் மூச்சில்: ஒன்றில் உடனே உயிரொலி தொடங்கிவிடும், இன்னொன்றில் காற்று வெளியேறிய பிறகுதான் தொடங்கும். இதை அளக்கும் முறையை 1964இல் லீ லிஸ்கர், ஆர்தர் ஆப்ராம்சன் இருவரும் 11 மொழிகளை வைத்து நிறுவினார்கள், அந்தப் பட்டியலில் தமிழும் உண்டு, கான்டனீஸும் தாய்லாந்து மொழியும் இந்தியும் மராத்தியும் உண்டு. பிராட்டில் பெரிதாக்கிப் பார்த்தால் வெடிப்பு ஒரு மெல்லிய செங்குத்துக் கோடாகத் தெரியும், அங்கிருந்து அலை சீராகத் தொடங்கும் இடம் வரை தேர்ந்தால் நேரம் மேலேயே காட்டும். மூச்சில்லாததில் இருபது மில்லிசெகண்டுக்குள் முடிந்துவிடும், மூச்சுள்ளதில் பெரும்பாலும் எண்பதைத் தாண்டும்.

பார்த்ததும் எனக்குக் கிடைத்த நிம்மதி பெரிது. ரோமன் எழுத்தில் 'பி' என்று, ஆங்கிலப் 'பஸ்'ஸின் முதலெழுத்தாக எழுதுகிறார்களே, அதை ஆங்கிலத்தில் போலக் குரலோடு அதிரவைத்துச் சொல்ல முயல்பவர்கள் நம்மில் நிறைய. திரையில் வெடிப்புக்கு முன்னால் அதிர்வே இல்லை. அது நம் 'பல்' என்ற சொல்லின் முதலில் வரும் அதே ப. நம் வாயில் ஏற்கெனவே இருப்பதைத் தூக்கிப் போட்டுவிட்டு ஆங்கில ஒலியைக் கடன் வாங்கத் தேவையே இல்லை, புதிதாகக் கற்க வேண்டியது மூச்சுள்ள ஒலியை மட்டும். ஆங்கிலம் வழியாகச் சீனம் கற்பிக்கும் பாடங்கள் எதுவும் இதைத் தமிழருக்குச் சொல்லித்தராது.

குறைகளையும் சொல்லவேண்டும். தோற்றம் பழையது, அழகு பார்த்து வாங்குபவர்களுக்கு இது ஒத்துவராது. பட்டியல்களில் இருக்கும் பெயர்களில் பாதி ஒலியியல் படித்தவர்களுக்கே உரியவை. லேப்டாப் முன்னால் உட்கார நேரம் வேண்டும், பேருந்தில் போனில் தட்டிக்கொண்டே படிக்க முடியாது. நாம் சொன்னது சரியா தவறா என்று தீர்ப்பும் சொல்லாது. கடைசியதை நான் குறையாகவே நினைக்கவில்லை. கட்டணச் செயலி ஒன்று நாம் பேசியதும் பச்சை, சிவப்பு என்று காட்டிவிடும், எதனால் சிவப்பு என்று சொல்லாது, அதே உச்சரிப்பை மறுபடி சொன்னால் பச்சை என்று காட்டும். பிராட் கோட்டைக் காட்டிவிட்டு நம்மையே யோசிக்க விடுகிறது. உங்கள் கோட்டையும் நண்பரின் கோட்டையும் மேலும் கீழுமாக வைத்து, உங்களுடையது எங்கே தாமதமாகத் திரும்புகிறது, எங்கே போதிய உயரத்துக்குப் போகவில்லை என்று கண்டுபிடிப்பதில் கழியும் நேரம்தான் உண்மையான படிப்பு.

ஆனால் பயன்படுத்தும் வரிசை முக்கியம். முதலில் கண்ணை மூடிக் கேளுங்கள், எந்தத் தொனி என்று முடிவு செய்து தாளில் எழுதுங்கள், அதற்கப்புறம்தான் திரையைப் பாருங்கள். கோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டால் கண் பதில் சொல்லிவிடும், காது சும்மா இருந்துவிடும். 1976இல் மெக்கர்க், மெக்டொனால்ட் செய்த சோதனை நினைவிருக்கலாம், 'க' என்று உச்சரிக்கும் வாயின் படத்தோடு 'ப' என்ற ஒலியைச் சேர்த்துப் போட்டால் பார்ப்பவருக்குப் பெரும்பாலும் 'ட' போல ஒன்று கேட்கும். அந்தச் சோதனையில் கண் பார்த்தது உதட்டை, இங்கே கோட்டை. ஆனால் கண் பக்கத்தில் இருந்தால் காது அதன் மீது சாய்ந்துவிடும் என்பதை என் பயிற்சியிலும் தெளிவாகப் பார்க்கிறேன், திரையை மூடினால் மதிப்பெண் குறைந்துவிடும்.

இன்னொன்று, மனிதர்களை விட்டுவிடாதீர்கள். 2003இல் பட்ரீசியா கூல் குழு அமெரிக்காவில் ஒன்பது மாதக் குழந்தைகளுக்கு மாண்டரின் பேசுபவர்களை நேரில் வந்து விளையாட வைத்தது, வேறு குழந்தைகளுக்கு அதே ஆட்கள் பேசியதைக் காணொளியாகவும் ஒலிப்பதிவாகவும் போட்டுக் காட்டியது. நேரில் பழகிய குழந்தைகள் சீன மெய்யொலி வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டன, திரையிலும் ஒலிபெருக்கியிலும் கேட்டவை எதையும் பெறவில்லை. பெரியவர்களுக்கு ஒலிப்பதிவிலிருந்தும் பலன் உண்டு என்பதை மேலே சொன்ன பயிற்சிகளே காட்டுகின்றன, இருந்தாலும் பிராட்டில் கண்டதை அன்றைக்கே யாரிடமாவது பேசிப் பார்ப்பது நல்லது.

யார் வாங்கலாம் என்று சொல்லும் பழக்கம் விமர்சனங்களில் உண்டு, இதை வாங்கவே வேண்டாம் என்பதால் அந்தக் கேள்வி இல்லை. தாய்லாந்து மொழி, வியட்நாமியம், கான்டனீஸ் படிப்பவர்களுக்கும் அப்படியே பொருந்தும், கான்டனீஸில் நேராகவே போகும் தொனிகள் மூன்று வெவ்வேறு உயரங்களில் இருப்பதால் அங்கே செமிடோன் அலகு இன்னும் அதிகம் உதவும். சங்கீதம் பயின்றவர்களுக்குத் தொடக்கம் எளிதாக இருக்கும், அமெரிக்க இசைக்கலைஞர்கள் சீனத் தொனிகளை மற்றவர்களைவிட நன்றாக அடையாளம் கண்டதாக ஆய்வு உண்டு, கமகம் கேட்டுப் பழகிய நம் காதுக்குக் கைகொடுக்காமல் போகாது என்று நம்புகிறேன். வார்த்தை சேர்க்கவும் பரீட்சைக்குத் தயாராகவும் மட்டும் நினைப்பவர்கள் இதைத் தொடவேண்டாம், நேரம் போய்விடும்.

இப்போது அலுவலகத் தோழி தமிழ் கற்கத் தொடங்கியிருக்கிறார், பாத்திரங்கள் மாறிவிட்டன. அவருக்கு ல, ள, ழ மூன்றும் குழம்புகின்றன. ஊரிலிருந்து அம்மா, சித்தி, மாமா எல்லாரும் 'வலி, வளி, வழி' என்று போனில் பதிந்து அனுப்பியதை அதே உரைக்கோப்பு முறையில் போட்டுக் கொடுத்திருக்கிறேன். இங்கே நீலக்கோடு உதவாது, உயிரொலிகளின் அதிர்வுப் பட்டைகளைக் காட்டும் சிவப்புப் புள்ளிகளைப் போட்டுக்கொள்ள வேண்டும். ழ வரும் இடத்தில் மூன்றாவது பட்டை இறங்கி இரண்டாவதை நெருங்கி வருவது அழகாகத் தெரியும், ல வரும் இடத்தில் அது மேலேயே இருக்கும். ல என்பதை அவர் ஏறக்குறைய எப்போதும் பிரித்துவிடுகிறார், ள, ழ இரண்டும்தான் இன்னும் மாறி மாறி விழுகின்றன. யாழ்ப்பாணத்துக் குரல்களும் மதுரைக் குரல்களும் கொஞ்சம் சேர்ந்தால் பயிற்சி இன்னும் நன்றாக இருக்கும், அந்தப் பக்கம் உறவினர் உள்ள நண்பர்களிடம் கேட்டிருக்கிறேன்.